மூன்று மில்லிமீட்டர்

பெயரில்லாத ஷூ. வெள்ளை.
நாக்கின் உள்பக்கம் பேனாவால் ஓர் எண்: 17.
பெட்டியைத் தள்ளிக்கொண்டே ஹென்னிங் சொன்னான்:
துவைக்காதே. யாருக்கும் இரவல் கொடுக்காதே.
பந்தயத்துக்குப் போடாதே, இது அன்றாடத்துக்கு.
ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் திருப்பிக் கொடு.

பந்தயமா, எனக்கா?
ஐம்பத்திரண்டு வயது. கோதென்பர்க்கில் டிராம் ஓட்டுகிறேன்.
பகலெல்லாம் உட்கார்ந்தபடி ஊரைச் சுமப்பவள்
விடியுமுன் என்னை மட்டும் சுமந்து ஓடுகிறேன்,
கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம்.
இறங்க வேண்டுமென்று பின்னால் யாரும் மணி அடிப்பதில்லை.

புதுசு கடிக்குமே என்று பயந்துதான் நாடாவைக் கட்டினேன்.
கடிக்கவில்லை.
பல் முளைக்காத ஏதோ ஒன்று
உள்ளங்காலைச் சப்பிப் பார்த்தது.

முதல் வாரத் தாளில் கேள்வி:
குதிகாலில் மென்மை, பத்துக்கு எத்தனை?
ஒன்பது என்று எழுதி, அடித்துவிட்டு, எட்டு போட்டேன்.
ஒப்பிட்டுப் பார்க்க
வேறெதாவது மென்மையாக இருந்திருக்க வேண்டாமா.

ஒவ்வோர் அடியும் ஓர் அடி,
சாலை உடனே திருப்பித் தருவது.
அடியிலிருந்து அடியைக் கழித்துவிட்டு
அடியை மட்டும் மிச்சம் வைப்பது
இந்த நுரையின் வேலை.
நன்றாகவே செய்கிறது.
ஸ்லோட்ஸ்கோகன் பூங்காவில், கடல்நாய்க் குளத்தைத் தாண்டி,
நனைந்த இலைகள் மேல் ஓடும்போது
நான் வருவது எனக்கே கேட்கவில்லை.
மாயோர்னாவில் ஒரு வேலிக்குப் பின்னால்
ஆறு வருடமாக என்னைக் குரைக்கும் நாய்
கம்பிக்கிடையில் மூக்கை வைத்துக் காத்திருந்து,
நான் கடந்து போன பிறகு
ஒரே ஒரு முறை, சந்தேகமாக, குரைத்தது.
இதற்குத் தாளில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

நவம்பர் கடைசியில் மைனஸ் எட்டு.
இரவெல்லாம் வாசலில் கிடந்த நுரை
நேற்றைய ரொட்டியாக இறுகியிருந்தது.
முதல் இரண்டு கிலோமீட்டர் மரக்கட்டை.
மூன்றாவதில், பாலத்தின் ஏற்றத்தில்,
மனசில்லாமல் இளகியது.
எட்டை ஆறாக்கினேன்.
மறுநாள் ஷூவை ஹீட்டரோடு ஒட்டி வைத்தேன்.
ஏமாற்று வேலை. அதையும் எழுதினேன்.

பிப்ரவரியில், ஐந்நூற்று நான்கு.
இரண்டையும் மேசைமேல் மல்லாத்திப் போட்டான் ஹென்னிங்.
இடது குதிகாலில் ரப்பர் வரிகள் அப்படியே இருந்தன.
வலதில், வெளிப்பக்கம், வழவழவென்று ஒன்றுமில்லை.
"இந்தக் காலை மட்டும் ஏன் இப்படி ஊன்றுகிறாய்?
எதையோ நிறுத்தப் போகிறவள் மாதிரி."

பழைய டிராமில் பிரேக் வலது காலுக்கு.
மூன்று குளிர்காலம் முன்பு, சந்தை வளைவில்,
தண்டவாளத்தில் ஒரு பையன், காதில் பாட்டு.
நின்றது. ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றது.
அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனான்.
உள்ளே யாரோ உருண்டுபோன ஆரஞ்சுகளைப் பொறுக்கினார்கள்.
ஒரு நிமிடம் தாமதம் என்று பதிவேட்டில் எழுதினேன்,
அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

"தெரியாது" என்றேன் ஹென்னிங்கிடம்.

அவன் ரம்பத்தை ஓட்டினான்.
ஷூ நெடுக்காக இரண்டாய்ப் பிளந்தது, ரத்தமில்லாமல்.
இடது முப்பத்தாறு மில்லிமீட்டர்.
வலது முப்பத்து மூன்று.
"மூன்று போச்சு" என்று கணினியில் தட்டினான்.

அறுத்த துண்டை எடுத்து
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
உள்ளே போனது.
விட்டதும் திரும்பி வந்தது,
மெதுவாக, முழுதாக இல்லை.

புதுப் பெட்டியில் எண் 23.
இது கொஞ்சம் சத்தம் போடும் என்கிறான்.
நல்லது,
நாய்க்குச் சொல்லிவிட வேண்டும்.